விலையைப் பாதிக்கும் செய்தி

துந்துபி டிஃபென்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் டில்லியின் கிழக்குக் கிட்வாய் நகரில் இருக்கிறது. பதினான்கு மாடி. அதன் நெற்றியில் ஒரு பெரிய மின்பலகை. நிறுவனத்தின் பங்கு விலை ஏறினால் பலகை பச்சையாக எரியும், இறங்கினால் சிவப்பு. எதிரிலிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் வசிக்கும் சாந்தகுமாரிக்குப் பங்கு என்றால் என்னவென்று தெரியாது. தன் ஒரே மகன் இளஞ்செழியன் அந்தக் கம்பெனிக்காக வெளியூரில் இருக்கும் இன்ஜினியர் என்று தெரியும். அது போதும். தினமும் ஒன்பதேகாலுக்குப் பால்கனிக்கு வந்து பலகையைப் பார்ப்பாள். பச்சை என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறான். சிவப்பு என்றால் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடமாகப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. உலகத்தில் அங்கங்கே சண்டை நடந்துகொண்டிருந்ததால் பலகை பெரும்பாலும் பச்சையாகவே இருந்தது.

அவள் கணவர் ரத்தினவேல் மத்திய அரசில் உதவிப் பிரிவு அலுவலர். சாத்தூரிலிருந்து டில்லிக்கு வந்து முப்பத்து நான்கு வருடம். இத்தனை வருடத்தில் ஒரு சுற்றறிக்கையைக்கூட மீறியதில்லை. கையெழுத்துக்குக் கீழே தேதி போடாமல் விட்டதில்லை. கூரியர்காரன் நீட்டுகிற சீட்டிலும் போடுவார், மகன் மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில் அவனுடைய மார்க் ஷீட்டிலும் போட்டிருக்கிறார். காகிதத்தில் இருப்பது ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கும் என்பது அவருடைய மதம் என்றே சொல்லலாம்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், துந்துபியின் தலைமையகத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். மகனுக்குப் பதவி உயர்வு என்று ரத்தினவேல் நினைத்துக்கொண்டார். செழியன் அப்போது ராஜஸ்தான் பாலைவனத்தில், சரபா-4 என்ற ஏவுகணையின் சோதனையில் இருந்தான். சோதனை வாரத்தில் எல்லாருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமைதான் திருப்பித் தருவார்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பன்னிரண்டாவது மாடியில் ஓர் அறை. நிறுவனச் செயலாளர் வெங்கடராமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் ஜ்யோத்ஸ்னா, டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அலுவலகத்தில் தமிழில் பேசவேண்டிய காரியம் எப்போதாவது வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"பைட்டியே அங்கிள், உக்காருங்க," என்றாள். "முதல்ல இதுல சைன் பண்ணிடுங்க. அப்புறம்தான் விஷயத்தைச் சொல்ல முடியும்."

பதினொரு பக்கம். இரகசியம் காக்கும் ஒப்பந்தம். அரசாங்கத்தில் நல்ல செய்திக்கும் நிறையக் கையெழுத்து வாங்குவார்கள் என்பதால் ரத்தினவேலுக்குச் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுத் தேதி போட்டார். ஏழாம் பக்கத்தில் ஒரு பத்திக்கு எண் விட்டுப்போயிருந்ததையும் சுட்டிக்காட்டினார். ஜ்யோத்ஸ்னா நன்றி சொல்லித் திருத்திக்கொண்டாள்.

பிறகு வெங்கடராமன் சட்டப் பிரிவு ஒப்புதல் தந்திருந்த வாசகத்தை வாசித்தார்.

"சரபா-4 சோதனை இன்று காலை வெற்றிகரமாக நடைபெற்றது. புறப்படுவதற்கு முன்பாகவே ஏவுகணை தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்தியது. அவ்வமயம் அருகில் இருந்த பணியாளர் எண் 4471, தம் பதவியில் தொடரும் நிலையில் இல்லை."

4471 செழியனின் எண். ரத்தினவேல் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். மாற்றல் உத்தரவு என்று அவருக்குத் தோன்றியது.

"எந்த ஊருக்கு மாத்தியிருக்காங்க சார்?" என்று கேட்டார்.

வெங்கடராமன் மேஜையைப் பார்த்தார். ஜ்யோத்ஸ்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அங்கிள்... செழியன் போயிட்டார் அங்கிள். ராக்கெட் தரையிலயே வெடிச்சிடுத்து."

ரத்தினவேல் அழவில்லை. கையில் இருந்த பேனாவுக்கு மூடி எங்கே என்று தேடினார். மூடி சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்துப் பேனாவில் மாட்டுவதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"அவங்கம்மாவுக்குச் சொல்லணும்," என்று எழுந்தார்.

"அதுக்குத்தான் கையெழுத்து," என்றார் வெங்கடராமன்.

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாக விளக்கினார். வருகிற வெள்ளிக்கிழமை துந்துபியின் ஆண்டு முடிவுகள் வெளியாகின்றன. முடிவுகள் தயாராகிற நாட்களில், உள்விவரம் தெரிந்தவர்கள் பங்குகளை வாங்கி விற்றுக் கொள்ளையடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டம் ஒரு ஜன்னலை மூடிவைத்திருக்கிறது. விலையைப் பாதிக்கக்கூடிய எந்தச் செய்தியும் அதுவரை வெளியே போகக் கூடாது. யார் யாருக்கு என்னென்ன தெரியும் என்று பெயர் பெயராகக் கணினியில் ஏற்றியாக வேண்டும். முடிவுகள் வெளியாகி நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து, அதாவது ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, ஜன்னல் திறக்கும்.

"சரபா வெடிச்சது விலையைப் பாதிக்கிற செய்தி. உங்க பையன் போனதைச் சொன்னா, எப்படிப் போனான்னு கேப்பாங்க. அதனால அதுவும் விலையைப் பாதிக்கிற செய்திதான். சார், உங்க வருத்தம் எங்களுக்குப் புரியறது. ஆனா வருத்தம் வேற, செய்தி வேற. வருத்தம் உங்களோடது. செய்தி பங்குதாரர்களோடது. எட்டு லட்சம் பேருக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும். உங்க மனைவிக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சா, மத்தவாளுக்கெல்லாம் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்."

"அவளுக்கு ஷேர் கிடையாது சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா."

மீறினால் என்ன ஆகும் என்பதும் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. செய்தி கசிந்தால் விசாரணை. விசாரணை வந்தால் உடல் சாட்சியப் பொருளாகிவிடும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். ஞாயிறு ஒரு மணி வரை வாயைத் திறக்காமல் இருந்தால், அன்றே மூன்று மணிக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவார்கள். அவன் அம்மா முகத்தைப் பார்க்கலாம்.

இதைச் சொன்னபோதுதான் ரத்தினவேல் மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு அங்கிள்," என்றாள் ஜ்யோத்ஸ்னா. "இனிமே பேர் சொல்லக் கூடாது. போன்லயும், மெயில்லயும். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரே ஒரு கோட் பேர் குடுத்துடும். மரம் பேரா வரும். போன தடவை பெரிய ஃபாரின் ஆர்டர் வந்தது, அது புராஜெக்ட் தேக்கு. இது புராஜெக்ட் நீம், வேப்ப மரம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம் சாந்தகுமாரி கேட்டாள்: "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்."

"இந்த ஊரு வெயில்ல யாரு உங்கள நடந்து வரச் சொன்னா? இந்தாங்க மோரு." டம்ளரை நீட்டிவிட்டு அவள் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னைக்குப் பூரா பச்சைங்க. புள்ள சந்தோசமா இருக்கான் போல."

மோரைக் குடித்தார். தொண்டையில் இறங்கியது. இறங்கியதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். தெற்கு டில்லியில் ஒரு தனியார் மருத்துவமனை. இரவோடு இரவாகக் கொண்டுவந்திருந்தார்கள். குளிர் அறையின் பதிவேட்டில் பெயர் என்ற இடத்தில் 'புராஜெக்ட் நீம்' என்று இருந்தது, வயது என்ற இடத்தில் 'இரகசியம்' என்று இருந்தது. வாசலில் நின்ற காவலாளியிடம் ரத்தினவேல், "நீமைப் பார்க்க வந்திருக்கேன்," என்று இந்தியில் சொன்னார். சொல்லும்போதே, அந்தப் பெயரை வைத்தவனைத் தேடிப் பிடித்து அறைய வேண்டும் போல் இருந்தது. பெயர் வைத்தது கணினி.

இடது கையை மட்டும்தான் காட்டினார்கள். மற்ற இடங்களில் உள்ள காயங்களின் தன்மை, எரிபொருளின் கலவையை வெளிப்படுத்திவிடுமாம். அது ராணுவ இரகசியம். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கை வந்தது. சுண்டுவிரல் உட்பக்கமாக வளைந்திருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கையில் பள்ளி இரும்புக் கேட்டில் நசுங்கிய விரல். அன்றைக்குக் கட்டுப்போட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது வழியெல்லாம், "அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா, அழும்," என்று கெஞ்சியவன்.

அந்த விரலைப் பிடித்துக்கொண்டு ரத்தினவேல் நின்றார். நகத்துக்கு அடியில் மணல் இருந்தது. படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பூர்த்தி செய்து, கையெழுத்திட்டு, தேதி போட்டார்.

வெளியே வந்ததும் ஜ்யோத்ஸ்னாவிடம் கேட்டார்: "ஏம்மா, அவளுக்குச் சொல்ல ஒரு வழியும் கிடையாதா? சட்டத்துல எங்கயாவது ஒரு சந்து இருக்குமே."

இருந்தது. சட்டத்தில் எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது. 'செய்தியை அறிய வேண்டிய அவசியம் உடையோர் சேர்க்கை விண்ணப்பம்.' ஆறாவது கட்டம்: இவர் இச்செய்தியை அறிய வேண்டியதற்கான அலுவல்பூர்வக் காரணம். ரத்தினவேல் 'தாய்' என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தது. 'காரணம் போதுமானதாக இல்லை. புராஜெக்ட் நீமில் மேற்படியாரின் பங்களிப்பு என்ன?'

அவர் யோசித்து எழுதினார்: 'பணியாளர் எண் 4471-ஐப் பெற்று வளர்த்தது.'

மறுபடி வந்தது. 'சரபா-4 திட்டம் தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகின்றன. மேற்படிப் பணி அதற்கு முற்பட்ட காலத்தது.'

பிறகு இதைப் பார்க்கும் குழுவில் ஒருவருக்கு மனம் இளகி, விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்பதாவது கட்டத்தில் சிக்கல் வந்தது. 'இவர் வழக்கமாக உரையாடும் நபர்கள்' என்று கேட்டிருந்தார்கள். ரத்தினவேல் பொய் எழுதிப் பழகாதவர். 'கீழ்வீட்டு பவுனு' என்று எழுதியிருந்தார். பவுனு யார், அவருடைய உறவினர்களில் பங்குத் தரகர் எவரேனும் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை முறை படியேறி வருவார் என்று மூன்று கேள்விகள் வந்தன. பவுனு மூட்டுவலிக்காரி, லிஃப்டில்தான் வருவாள் என்று பதில் எழுதினார். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை சாந்தகுமாரி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

"ஐயப்பன் கடைல சீரகச் சம்பா வந்திருக்குன்னு பவுனு சொல்லுச்சு. சாத்தூர்ச் சேவும் ரெண்டு பாக்கெட் சொல்லிவச்சிருக்கேன், போகும்போது குடுத்துவிடலாம்ல. மட்டன் மட்டும் அன்னைக்குக் காலைல வாங்கிக்கிருவோம். என்னங்க, கேக்குறீங்களா?"

"ம்."

"ஒரு கிலோ பத்துமா?"

"பத்தும்."

"ஒன்றரையா வாங்குங்க. வத்தலாப் போயிருப்பான்."

அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் கதவுக்கு வெளியே வந்தது. "மே மாசத்துல தண்ணிய இப்படியா விடுவீங்க?" என்று அவள் வெளியிலிருந்து சத்தம் போட்டாள். அவர் அழுதது அந்த வாரத்தில் அந்த ஒரு தடவைதான்.

அன்று மாலை அனுமதி கிடைத்தது. ஜ்யோத்ஸ்னாவே நேரில் கொடுத்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"கமிட்டி ஓகே பண்ணிட்டாங்க அங்கிள்! ஆன்ட்டிக்குச் சொல்லலாம். அவ்வளவுதான், ஒரே ஒரு உறுதிமொழி. இதுல அவங்க சைன் வேணும், சொல்றதுக்கு முன்னாடி."

படித்தார். 'செய்தி தெரிவிக்கப்பட்ட பின், ஞாயிறு மதியம் ஒரு மணி வரை நான் காதில் விழும்படி அழ மாட்டேன். சமையல், கடைக்குச் செல்லுதல் முதலிய வழக்கமான நடவடிக்கைகளில் மாற்றம் ஏதும் செய்ய மாட்டேன். எதற்காக வருத்தமாக இருக்கிறேன் என்று வினவப்பட்டால், உடல்நலக் குறைவு என்று கூறுவேன்.'

"அழாம எப்படிம்மா இருப்பா?"

"சத்தமில்லாம அழலாம் அங்கிள். பாருங்க, காதில் விழும்படின்னுதான் போட்டிருக்கு. முதல்ல அழவே கூடாதுன்னு இருந்தது. நான்தான் ரெண்டு மணி நேரம் சண்டை போட்டு மாத்தினேன்."

ரத்தினவேல் அவளுக்கு நன்றி சொன்னார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் சாந்தகுமாரி அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருந்தார். நீட்டினால் அவள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டிருக்கிறாள். வங்கிப் படிவம், மருத்துவ அட்டை, எல்லாம். அதனால்தான் நீட்ட முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு அழ மாட்டேன் என்று அவளுக்கே தெரியாமல் அவளிடம் எழுதி வாங்குவதற்கு, முப்பத்து நான்கு வருட அரசுப் பணி அவரை இன்னும் முழுசாகத் தயாரித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெங்கடராமன் பதறிக்கொண்டு போன் செய்தார். துந்துபியில் 'இடையறாப் பணி விருது' என்று ஒன்று உண்டு. முடிவுகள் வெளியாகிற வாரத்தில் விடுப்பு எடுக்காமல், புகார் ஏதும் கொடுக்காமல், பணியிடத்தை விட்டு நகராமல் இருந்தவரைக் கணினியே தேர்ந்தெடுக்கும். ஞாயிறு ஒரு மணி வரை செழியன் கணக்கில் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதால், செவ்வாய் முதல் அவனுக்கு வருகை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மதிய உணவு இடைவேளைக்குக்கூட எழுந்து போகாதவன் நிறுவனத்திலேயே அவன் ஒருவன்தான். விருது அவனுக்கு வந்துவிட்டது.

"நிறுத்த முடியாது சார். நிறுத்தினா ஏன்னு கேள்வி வரும். நீங்க வந்து வாங்கிண்டு போயிடுங்கோ. கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா நன்னா இருக்கும்."

ரத்தினவேல் போனார். மூன்றாவது மாடி அரங்கில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கட்டட வாசலில், 'விபத்தில்லாமல் கடந்த நாட்கள்: 1,465' என்று ஒரு பலகை இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது அது 1,462-ஆக இருந்தது.

சரியாக மதியம் ஒரு மணிக்கு முடிவுகள் வெளியாயின. சேர்மன் மேடையேறினார். வெள்ளைத் தலை, நல்ல குரல். இந்தியும் ஆங்கிலமும் கலந்து உருக்கமாகப் பேசினார்.

"நண்பர்களே, பத்து வருடத்துக்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் பேச்சுவார்த்தை. ஒப்பந்தம். கைகுலுக்கல். நம் கிடங்குகளில் சரக்கு தூங்கியது. என் மனைவி கேட்பாள், உங்கள் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று. நான் சொல்வேன், மனிதர்கள் மேல் நம்பிக்கை வை என்று. அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. இன்று மூன்று கண்டங்களிலிருந்து கேட்கிறார்கள். நம்மால் கொடுத்து முடியவில்லை. ஒருவர் வாங்கினால், அவருடைய பக்கத்து நாட்டுக்காரர் மறுநாளே போன் செய்கிறார். விளம்பரமே தேவையில்லாத ஒரே தொழில் நம்முடையது. நம் பொருளே போய் விழுந்து விளம்பரம் செய்துவிடுகிறது."

கைதட்டல். லாபம் நாற்பத்தொரு சதவீதம் கூடியிருந்தது. ஐந்து வருடத்துக்கான ஆர்டர் கையில் இருந்தது. ஒரு பங்குச்சந்தை நிபுணர் எழுந்து, இந்த வளர்ச்சிக்கு ஆபத்து ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"போர் நிறுத்தம்," என்றார் சேர்மன் ஒளிக்காமல். "உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எந்தப் போர் நிறுத்தமும் ஒரு காலாண்டுக்கு மேல் தாங்கியதில்லை. கவலைப்படாதீர்கள்."

"சரபா-4?"

"செவ்வாய்க்கிழமை சோதனை நடந்தது. எதிர்பார்த்ததைவிட விரைவாகவே வெடித்தது. அதன் வீரியம் குறித்து எங்களுக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை."

இன்னும் பலத்த கைதட்டல். ரத்தினவேலும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டும்போது தட்டாமல் இருந்தால் அதுவும் செய்தியாகிவிடுமோ என்று பயம். இரண்டு உள்ளங்கையும் ஒன்றோடொன்று மோதுவதை அவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விருது. செழியனின் பெயரைப் படித்தார்கள். பெயர் சொல்லக் கூடாது என்று ஆன பிறகு அவன் பெயரை அவருக்கு முன்னால் ஒருவர் சத்தமாகச் சொன்னது அப்போதுதான். ரத்தினவேல் எழுந்து, மேடைப் படி எந்தப் பக்கம் என்று தேடினார். சேர்மன் இறங்கி வந்து தோளைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். ஒரு முழ நீளத்தில் வெள்ளிமுலாம் பூசிய சரபா-4 பொம்மையைக் கையில் கொடுத்தார்.

"மகன் வரவில்லையா?"

ரத்தினவேல் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"டூட்டியில இருக்கான் சார்," என்றார்.

"பாருங்கள்!" என்று சேர்மன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இப்படிப்பட்ட இளைஞர்கள் இருக்கும்வரை நமக்கு என்ன குறை? இவர்கள் தங்களையே கொடுத்துவிடுகிறார்கள்."

புகைப்படம் எடுத்தார்கள். ரத்தினவேல் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தபோது, மேலே பலகை முன்பு எப்போதும் இல்லாத பச்சையில் எரிந்துகொண்டிருந்தது.

சாந்தகுமாரி பொம்மையைப் பார்த்துப் பூரித்துப் போனாள். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டாள். பவுனு லிஃப்ட் பிடித்து வந்து பார்த்துவிட்டு, சீக்கிரம் பெண் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமை முழுக்க வீட்டில் அந்தப் பேச்சுத்தான். செழியனுக்கு அன்றும் வருகை போடப்பட்டது, விடுமுறை நாளில் வேலை செய்ததற்காகக் கூடுதல் படியோடு. பதினாறாம் நாள் காரியத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று ரத்தினவேல் போனில் மெதுவாகக் கேட்டபோது, ஜ்யோத்ஸ்னா, "ஞாயிறுன்னே எடுத்துக்கோங்க அங்கிள், ரெக்கார்ட்லயும் அதுதான் வரும்," என்றாள்.

ஞாயிறு வந்தது. காலையிலேயே ஒன்றரைக் கிலோ மட்டன் வந்தாயிற்று. சந்தைக்கு விடுமுறை என்பதால், பலகையில் வெள்ளிக்கிழமையின் பச்சை அப்படியே நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டரைக்குச் சமையல் முடிந்தது. சாந்தகுமாரி முகம் கழுவி, புதுச் சேலை கட்டிக்கொண்டு, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அனல் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே வரச் சொன்னால் கேட்கவில்லை.

"ஆட்டோ வந்தா இங்கேருந்துதான் தெரியும்," என்றாள். "போன் குடுத்திருப்பாங்கள்ல? ஏன் இன்னும் ஒரு போன் பண்ணல?"

"பண்ணுவான்."

"ரயிலு லேட்டோ?"

ரத்தினவேல் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் செல்போன். பன்னிரண்டு ஐம்பது. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒரு மணி ஆகவே கூடாது என்று நினைத்தார். ஆகித் தொலையாதா என்றும் நினைத்தார். இந்த ஐந்து நாளில் அவர் மனதுக்குள் எத்தனையோ விதமாக அந்த வாக்கியத்தைக் கட்டிப் பார்த்திருந்தார். எல்லாவற்றையும் கலைத்திருந்தார்.

போன் அதிர்ந்தது. ஜ்யோத்ஸ்னாவின் செய்தி: 'அங்கிள், ஜன்னல் திறந்தாச்சு. வேன் மூணு மணிக்கு வரும். உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி.'

அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து, தரையில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், தரையில் உட்கார்ந்து வருடக்கணக்காயிற்று. அவள் கையைப் பிடித்தார். மசாலா வாசனை.

"சாந்தா. செழியன் செத்துப்போயிட்டான். ராக்கெட்டு வெடிச்சுப் போயிட்டான். செவ்வாய்க்கிழமை காலைல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள். கையை உருவிக்கொள்ளவில்லை. கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தினவேல் ஒரு நிமிடம் பொறுத்தார், இரண்டு நிமிடம் பொறுத்தார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. சட்டைப்பையில் அந்தக் காகிதம் நாலாக மடித்தபடி, கையெழுத்தில்லாமல், அப்படியே இருந்தது. அவளோ அதில் எழுதியிருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டிருந்தாள். சமைத்தாள், கடைக்குப் போனாள், இப்போது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"அழு சாந்தா," என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினார். "இப்ப அழலாம். ஒரு மணி ஆயிருச்சு. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சத்தமாவே அழு."

அவள் மெல்ல முகத்தைத் திருப்பி, எதிரே இருந்த பலகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை பச்சையாத்தானேங்க இருந்துச்சு," என்றாள்.